யாரும் போகாத மூன்று வரி

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆனபோது அவரிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல். சரி. காப்பி வேணுமா என்றால் சரி. ஃபேனை நிறுத்தட்டுமா என்றால் சரி. அவர் தங்கை போனில் அழுதால் சரி, அடுத்த வீட்டு நாய் குரைத்தால் அதற்கும் சரி. இருபத்தாறு வருஷத்தில் நான் சொன்ன எதையும் முதல் தடவையிலேயே ஒப்புக்கொள்ளாத மனுஷர் அவர். சாம்பாரில் உப்பு அளவாகத்தான் இருக்கிறது என்று அவர் வாயால் வரவழைக்க அரை மணி நேரம் மல்லுக்கு நிற்க வேண்டும். அப்பேர்ப்பட்டவர் நாள் முழுக்க சரி, சரி என்று தலையாட்டினால் வீடு எப்படி இருக்கும்? சண்டை போட ஆள் இல்லாமல் நான் வாடிப் போனேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஆபீஸ். நான் பிறந்தது வலியசாலையில், வாழ்க்கைப்பட்டது கரமனையில், இரண்டும் ஒரே மலையாள ஊரில் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள். 'கல்யாணம் பண்ணிண்டு நடந்தே புக்காத்துக்கு வந்தவ' என்று கேலி செய்வார். தினமும் காலையில் சேர்ந்தே பஸ் பிடித்துக் கழக்கூட்டம் போவோம். ஆபீஸில் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுவேன். சாயங்காலம் பஸ் கரமனைக்கு வந்ததும் தானாக வாயில் 'ஏன்னா' வந்துவிடும். அங்கே அவர் புரோகிராம் எழுதுகிறவர், நான் அதைச் சோதித்துக் குற்றம் கண்டுபிடிக்கிறவள். வீட்டில் நான் சமைக்கிறவள், குற்றம் கண்டுபிடிப்பது அவர். கணக்கு நேராகிவிடும்.

எங்கள் வேலை இன்னதென்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மேலே வருவது விளங்காது. பல வருஷத்துக்கு முன்னால் வந்த சாயப்பட்டறை இயந்திரங்கள், எடை மிஷின்கள் இவற்றுக்குள் ஒரு பழைய சிப் இருக்கும். அந்தச் சிப்பை இப்போது யாரும் செய்வதில்லை. ஆனால் அதற்கென்று எழுதிய புரோகிராம்கள் கல்லுக்குண்டு மாதிரி இருக்கின்றன. எங்கள் மென்பொருள், புதிய கம்ப்யூட்டருக்குள் உட்கார்ந்துகொண்டு அந்தப் பழைய சிப்பாக வேஷம் கட்டும். எமுலேட்டர் என்பார்கள். வேஷம் நன்றாக அமைந்தால் பழைய புரோகிராமுக்கு வித்தியாசமே தெரியாது. அதில் கஷ்டமான பகுதி நினைவகம். எந்த முகவரியில் என்ன இருக்கிறது, கேட்டால் எதை எடுத்துக் கொடுப்பது, எதைத் தொடக்கூடாது என்று எல்லாம் பார்த்துக்கொள்ளும் பகுதி. அதை ஒற்றை ஆளாக எழுதியவர் என் கணவர்.

அந்தக் கோப்பில் யார் கை வைத்தாலும் அவர் பார்த்துச் சம்மதித்த பிறகுதான் சேர்க்க முடியும் என்று சிஸ்டத்திலேயே ஒரு கட்டு உண்டு. மாற்றத்தை அனுப்பினால் அவர் திரையில் இரண்டு பொத்தான்கள் வரும். பச்சை என்றால் ஒப்புதல். சிவப்பு என்றால், போய்த் திருத்திக்கொண்டு வா. முதல் தடவையிலேயே பச்சையைக் கண்டவர் எங்கள் குழுவில் ஒருத்தரும் கிடையாது. "இந்த மூணாவது வரி இங்க என்ன பண்றது, பஸ்ஸுக்கு நிக்கறதா?" என்று எழுதுவார். புதிதாக வந்த பிள்ளைகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். "வீட்டில நானும் அதே பாடுதான் படறேன்" என்று சொல்லி அனுப்புவேன்.

அவர் விழுந்தது ஒரு காலை வேளையில், குளித்துவிட்டு வேஷ்டி கட்டிக்கொண்டிருக்கும்போது. வலது கை போயிற்று, வலது கால் போயிற்று, பேச்சு போயிற்று. காலை மட்டும் படாத பாடுபட்டு மீட்டோம். ஊன்றுகோலோடு வாசல் வரை வருவார். உள்ளே எவ்வளவு புரிகிறது என்று இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துப் பார்த்து, இருக்கிறாரா இல்லையா என்று தேடிக்கொண்டிருந்தேன். சில நாள் இருப்பது போலத் தோன்றும். சில நாள், கடவுளே, யாரோ ஒரு சாதுவான மனிதரைக் கொண்டுவந்து அவர் சட்டையை மாட்டி உட்கார வைத்துவிட்டார்கள் என்று தோன்றும்.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு தடவை வந்த பெண் முதல் வாரமே சொன்னாள். "மாமி, அந்த சரியை மறுபடின்னு எடுக்க வேண்டா. அது தன்னால வாயில வர்றதாக்கும்." மறுபடி என்றால் மலையாளத்தில் பதில். நானும் தலையை ஆட்டினேன். ஆட்டிவிட்டு அடுத்த நிமிஷமே மறந்தேன். மறந்தது எனக்குச் சௌகரியமாக இருந்தது என்பதுதான் உண்மை. காப்பியை நிறுத்தி ஹார்லிக்ஸ் கொடுத்தேன், சரி என்றார். சவரம் செய்ய வசதி என்று மீசையை எடுக்கச் சொன்னேன், சரி என்றார். கட்டிலைக் கூடத்து ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன், சரி என்றார்.

அப்படித்தான் சென்னையும் முடிவாயிற்று. நாத்தனார் அங்கே இருக்கிறாள், இவருக்கு இளையவள். "மன்னி, கீழ் வீடு காலியாத்தானே இருக்கு. இங்க பெரிய பெரிய டாக்டர்லாம் இருக்கா. அண்ணாவைக் கேட்டுட்டுச் சொல்லுங்கோ" என்றாள். அண்ணாவைக் கேட்டேன். அண்ணா சரி என்றார். "அவருக்கு நல்லதுன்னா எனக்கும் நல்லதுதான்" என்று போனில் சொன்னேன். ஓணம் கழிந்ததும் கிளம்புவதாக ஏற்பாடு. இந்த வீட்டுக்குக் குடிவர ஒரு குடும்பம் வந்து பார்த்துவிட்டும் போனது. கூடத்தில் அட்டைப்பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டிகளையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் டேப்பைக் கிழிக்கும் சத்தத்துக்கும் சரி என்பார்.

இந்தச் சமயத்தில்தான் ஆபீஸில் சுத்தம் செய்யும் வேலை வந்தது. எங்கள் குழுவுக்குத் தலைவி வயதில் சின்னப் பெண், இந்த ஊர்த் தமிழ்க் குடும்பம், படித்ததெல்லாம் மலையாளம். கெட்டிக்காரி, தங்கமான மனசு. எங்களிடம் உள்ள பழைய புரோகிராம்கள் அத்தனையையும் ஓடவிட்டு, எமுலேட்டரில் எந்த வரி ஓடுகிறது, எது ஓடவே இல்லை என்று ஒரு பட்டியல் எடுத்திருந்தாள். நினைவகக் கோப்பில் ஐந்து இடம் சிவப்பாக இருந்தது.

"சேச்சி, இந்த அஞ்சு இடத்துக்கும் ஆரும் போக முடியாது. டெட் கோடாக்கும். எடுத்துக் களைஞ்சாப் போரும். சேச்சியே செய்யறேளா?" என்றாள். அந்தக் கோப்பை வேறு யாரும் தொட்டால் எனக்கு வலிக்கும் என்று யோசித்துத்தான் என்னிடம் கொடுத்திருக்கிறாள். அப்புறம் தயங்கித் தயங்கி, "சாரோட பேரை அந்த ஒப்புதல் கட்டில இருந்து நான் எடுத்துடட்டா? வேற வழியில்லைன்னு வெச்சாக்கும் கேக்கறேன்" என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். "பேரை ஏன் எடுக்கணும்? அவர் இருக்கார். அவரே பார்த்து ஒப்புதல் கொடுப்பார்" என்று வெடித்தேன். பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் பாவம், முகம் சுண்டிப் போய், "மதி, சேச்சி, அப்படியே செய்யலாம்" என்றாள். மதி என்றால் மலையாளத்தில் போதும். பஸ்ஸில் வரும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. யாரைக்கொண்டு எதை ஒப்புக்கொள்ள வைக்கப் போகிறேன்?

ஆனாலும் வேலையை முறையாகத்தான் செய்தேன். எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வரியை எடுக்கும் முன் அந்த இடத்தில் ஒரு காவல் வரி போடுவோம். யாராவது இந்தப் பக்கம் வந்தால் உடனே கூச்சல் போட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடு என்று அதற்கு உத்தரவு. ஐந்து இடத்திலும் காவல் போட்டு, ஒரு வாரம் அத்தனை புரோகிராம்களையும் ஓட்டினேன். ஒரு கூச்சல் இல்லை. ஐந்தையும் நீக்கி மாற்றத்தை அனுப்பி வைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு ஆனதும், அவருடைய லேப்டாப்பை எட்டு மாதத்துக்குப் பிறகு திறந்தேன். அது அவர் கைரேகைக்குத்தான் திறக்கும். அசையாத வலது கையை எடுத்து, ஆள்காட்டி விரலைப் பிடித்து நான்தான் வைத்தேன். திறந்துகொண்டது. என் திட்டம் இதுதான்: எல்லாவற்றையும் அவருக்குப் படித்துக் காட்டுவது, அவர் சரி என்பார், இடது கையை மவுஸில் வைத்துப் பிடித்துப் பச்சையை அமுக்குவது. கைநாட்டு வாங்குகிற மாதிரி. அவர் பேரில் ஒரு கடைசி ஒப்புதல், அப்புறம் சென்னை.

"ஏன்னா, இதைப் பாருங்கோ. உங்க கோப்பு. யாரும் போகாத இடமெல்லாம் எடுத்துட்டேன்."

"சரி."

"இது முதல் இடம். முகவரியை மேலேயே வெட்டிக் குறைச்சாச்சு, அதனால கீழ இந்தக் கேள்வியே வராது. எடுக்கலாமோன்னோ?"

"சரி."

இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஐந்துக்கும் சரி. அவர் கையை எடுத்து மவுஸின் மேல் வைத்தேன். என் கையை அதன் மேல் வைத்து அம்பைப் பச்சைக்கு நகர்த்தினேன். அது நகர்ந்து சிவப்புக்குப் போயிற்று. கை நடுங்குகிறது என்று நினைத்துத் திரும்பக் கொண்டுவந்தேன். மறுபடியும் சிவப்பு. "ஏன்னா, அது இல்லே, இது" என்றேன். "சரி, சரி" என்றார், வெகு பவ்வியமாக. சொல்லிக்கொண்டே என் கைக்கு அடியில் அவர் கை இறுகியது. எட்டு மாதமாகத் தொட்டால் வளைகிற கை. இப்போது அசைக்க முடியவில்லை. சிவப்பை அமுக்கிவிட்டார்.

திரையில், மாற்றம் திருப்பி அனுப்பப்பட்டது என்று வந்தது. "எது? எந்த இடம்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் மவுஸை உருட்டி உருட்டிக் கீழே போனார். முதல் இடத்தைத் தாண்டினார். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. ஐந்தாவதில் நின்றார். மூன்றே மூன்று வரி. அப்புறம் கையை மவுஸிலிருந்து தூக்கி விசைப்பலகையில் வைத்து, ஒரே விசையை, நடுவில் மூச்சு வாங்கிக்கொண்டு, நான்கு தடவை அழுத்தினார். எஃப், எஃப், எஃப், எஃப்.

எங்கள் தொழிலில் அது ஒரு முகவரி. அந்தச் சிப்பில் உள்ள கடைசி முகவரி. தெருவில் கடைசி வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நின்று ஒரு புரோகிராம், 'இந்த வீட்டையும் அடுத்த வீட்டையும் சேர்த்துப் படி' என்று கேட்டால் என்ன ஆகும்? அடுத்த வீடு கிடையாது. அந்தச் சிப் அப்போது சுற்றித் தெருவின் முதல் வீட்டுக்கு வரும். அந்தச் சுற்று வழிதான் அந்த மூன்று வரி. எங்களிடம் இருந்த எந்தப் புரோகிராமும் கடைசி வீட்டில் நின்று அப்படிக் கேட்டதில்லை, அவ்வளவுதான். யாரும் போகாத வழியை, போக முடியாத வழி என்று நாங்கள் எழுதிவிட்டோம். பட்டியல் அப்படிச் சொல்லவே இல்லை. சொன்னது நாங்கள். இத்தனை வருஷம் சோதனை வேலை பார்த்த எனக்கு இது உறைக்கவில்லை.

உடனே ஐந்தே வரியில் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். கடைசி முகவரியில் நின்று இரண்டைச் சேர்த்துப் படிக்கச் சொன்னேன். காவல் வரி போட்டிருந்த பழைய நகலில் ஓட்டினேன். ஒரு வாரம் வாயைத் திறக்காத காவல், ஓட்டிய மாத்திரத்தில் கூச்சல் போட்டது. நான் அவரைப் பார்த்தேன். புருவத்தைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபீஸில் பிள்ளைகளை அழவைத்த அதே புருவம். இருக்கிறார். இத்தனை நாளும் இங்கேயேதான் இருந்திருக்கிறார். நான் அவர் தோளில் முகத்தை வைத்து, சந்தோஷத்தில் சின்னக் குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதேன். "சரி, சரி, சரி" என்று முதுகைத் தட்டினார்.

அழுது முடித்து மூக்கைத் துடைக்கும்போதுதான் அது எனக்கு உறைத்தது. வாய் சரி என்றது, கை இல்லை என்றது. அப்படியானால் இந்த எட்டு மாதமாக நான் வாங்கிய சரிகள் எல்லாம் என்ன? நிமிர்ந்து பெட்டிகளைப் பார்த்தேன்.

பீரோவின் மேல் கிடந்த தனி விசைப்பலகையைத் தூசி தட்டி லேப்டாப்பில் சொருகி, அவர் மடியில் வைத்தேன். "ஏன்னா, வாயை விட்டுடுங்கோ. ஆமான்னா ஒண்ணு. இல்லைன்னா பூஜ்யம். புரிஞ்சுதா?" ஒன்றை அழுத்தினார். தொழில் புத்தி போகுமா? விடை தெரிந்த கேள்விகளைத்தான் முதலில் கேட்டேன். இன்னிக்கு ஞாயிற்றுக்கிழமையா? ஒன்று. நான் உங்க தங்கையா? பூஜ்யம். நீங்க கலெக்டரா? ஒன்று. எனக்குத் திக்கென்றது. போச்சு, எல்லாம் தற்செயல்தான் என்று நினைத்தபோது அவர் வாயின் இடது ஓரம் மேலே போனது. சிரிக்கிறார், பாவி. மெதுவாகப் பூஜ்யத்தை அழுத்தினார்.

அப்புறம் நிஜக் கேள்விகள். ஹார்லிக்ஸ் பிடிச்சிருக்கா? பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். மீசையை எடுத்தது? பூஜ்யம். கட்டிலை ஜன்னலோரம் போட்டது? பூஜ்யம் வரும் என்று பயந்துகொண்டே கேட்டேன், ஒன்று வந்தது. தெருவில் போகிற வருகிறவர்களைப் பார்ப்பது பிடித்திருக்கிறது. நான் ரொம்பப் பேசறேனா? ஒன்று. யோசிக்கவே இல்லை. "நன்னாருக்கு. பேச்சு வந்ததும் முதல்ல இதைத்தான் சொல்லுவேள் போலிருக்கு" என்றேன். எட்டு மாதத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் சண்டை வாசனை அடித்தது.

கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. எழுந்து போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

"சென்னைக்குப் போலாமா?"

அவர் விரல் அசையவில்லை. ஒன்றின் பக்கமும் போகவில்லை, பூஜ்யத்தின் பக்கமும் போகவில்லை. கேள்வி விளங்கவில்லையோ என்று திரும்பவும் கேட்டேன். உங்க தங்கை ஆத்துக்கு, இந்த ஆத்தை விட்டுட்டு, ஓணம் கழிஞ்சதும். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு இடது கையால் விசைப்பலகையின் ஓரத்தைப் பிடித்துச் சிரமப்பட்டு மெல்ல மெல்லத் திருப்பினார். மடியிலிருந்து வழுக்கிவிடாமல் நான் பிடித்துக்கொண்டேன். அதை என் பக்கமாகத் திருப்பி, ஒரு விரலால் என்னை நோக்கித் தள்ளினார்.

"என்னையா கேக்கறேள்?"

கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

டாக்டர் கேட்டதில்லை, நாத்தனார் கேட்டதில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன, நானே என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. அவருக்கு நல்லது, அவருக்கு நல்லது என்று எட்டு மாதம் ஓடிப் பெட்டியும் கட்டியவள் எனக்குப் போக வேண்டுமா என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. பேச்சே இல்லாத மனுஷர் கேட்கிறார். நான் பொய் சொல்ல முடியாது. வலியசாலைக்கும் கரமனைக்கும் நடுவிலேயே ஆயுசைக் கழித்தவள், எனக்கு இந்த ஊர் வேண்டும், இந்தத் தெரு வேண்டும், அந்த ஆபீஸ் வேண்டும். இவரை இங்கே வைத்துக்கொண்டு இருக்க வேண்டும். விரலை நீட்டிப் பூஜ்யத்தின் மேல் வைத்தேன். அழுத்தத் தைரியம் வரவில்லை.

அவர் இடது கையை நீட்டி, என் விரலின் மேல் தன் விரலை வைத்து அழுத்தினார். எடுக்கவில்லை. திரையில் பூஜ்யம் பூஜ்யமாக ஓடி, ஒரு வரி நிறைந்து, அடுத்த வரியும் நிறைந்தது. அன்று சாயங்காலமே நாத்தனாருக்குப் போன் செய்து, நாங்கள் வரவில்லை என்று சொன்னேன்.